தம்பியின் வாழ்வுக்கு அக்கா போட்ட மதிப்பெண்

இரவல் வாய்க்காரர்கள் என்றோர் இனம் உண்டு. எந்தக் குடும்பத்தின் வம்சாவளியை விரித்துப் பார்த்தாலும், தலைமுறைக்கு ஒருவரேனும் அதில் தட்டுப்படாமல் போகமாட்டார். கேள்வி யாரை நோக்கிக் கிளம்பினாலும் அதை நடுவழியில் மறித்து, பதிலைத் தம் வாயால் சொல்லி, கேட்டவரையும் கேட்கப்பட்டவரையும் ஒருசேர ஓய்வெடுக்க அனுப்பிவைப்பது இவர்களுடைய பிறவிக் கடன். "சுகமா?" என்று ஒருவரைக் கேட்டுப் பாருங்கள், அவர் தமது சுகத்தை நினைவுக்குக் கொண்டுவருவதற்குள், பக்கத்திலிருப்பவர் அவருடைய செரிமானம்வரை சொல்லி முடித்திருப்பார்.

இந்த இனத்தின் மாசுமருவற்ற மாதிரி, இந்த அக்கா. பேருந்து ஓட்டிக்கொண்டிருந்த தம்பிக்கு ஐம்பது வயதில் கால்கள் இரண்டும் வேலைநிறுத்தம் செய்துவிட, சக்கர நாற்காலியோடு அவரைத் தம் வீட்டுக்கு அழைத்துவந்த நாள்முதல் தம்பியின் வாயும் அக்காவின் பொறுப்புக்கு வந்துவிட்டது. பல் மருத்துவர் வாயைத் திறக்கச் சொன்னார், தம்பி திறந்தார். எங்கே வலிக்கிறது என்று கேட்டார். அக்காவின் வாயிலிருந்து பதில் வந்தது. வேறொரு பல்லைப் பிடுங்கிக்கொண்டு திரும்பினார்கள்.

அன்பு இல்லையா என்றால், சிக்கலே அதுதான். அன்புக்குக் குறைவே இல்லை.

அப்படிப்பட்ட வீட்டுக்கு ஒருநாள் நலத்துறையிலிருந்து ஒரு பெண் வந்தாள். பராமரிப்பு உதவி பெறுவோரின் வாழ்க்கைத் தரத்தை அளக்க வேண்டுமாம். தம்பியைக் குளிப்பாட்டி உடுத்திவிட, அத்துறையின் உதவியாளர் ஒருவர் காலைதோறும் வந்துகொண்டிருந்தார். அவர் மாலையிலும் வந்து தம்பியை வெளியே அழைத்துப் போகலாமா என்பது இந்த அளவெடுப்பைப் பொறுத்தே முடிவாகும். தம்பி இதற்காகவே புதுச் சட்டை போட்டுக்கொண்டு காத்திருந்தார்.

"ஐயா, சாப்பாடு, தண்ணியெல்லாம் உங்களுக்கு வேணுங்கிறப்போ கிடைக்குதா? விரும்பினபடி, போதுமான அளவு, கொஞ்சம், இல்லவே இல்ல. இதுல ஒண்ணு சொல்லுங்க."

"போதுமான..." என்றார் தம்பி.

"என்னடா போதுமான? விரும்பினபடின்னு எழுதிக்கம்மா. எங்க வம்சத்துல யாரும் ரெண்டாம் வகுப்புல தேறினதில்ல."

அக்காவை நொந்து என்ன பயன்? நான்கு விடைகளை வரிசையாக அடுக்கினால் அவர் கண்ணுக்குத் தெரிவது தேர்வுத்தாள்தான். தம்பியின் வாழ்வுக்கு மதிப்பெண் குறைந்தால் பார்த்துக்கொள்பவருக்கல்லவா தலைகுனிவு? ஆகவே சுத்தம், முதல் வகுப்பு. பாதுகாப்பு, முதல் வகுப்பு. வெளியே போய்வருவது?

"அவனுக்கு வெளிய போறதே பிடிக்காது. வீடுதான் சொர்க்கம். எழுதிக்க."

தம்பி புதுச் சட்டையின் பொத்தானைத் திருகினார்.

வந்தவள் பேனாவைக் கீழே வைத்தாள். "எல்லாமே விரும்பினபடி கிடைக்குதுன்னா, இந்த வீட்டுக்கு உதவியே தேவையில்லன்னு ஆயிடும்மா. சாயங்காலத்துக்கு ஆள் வர்றது இருக்கட்டும், காலைல வர்றவரையும் நிறுத்திடுவாங்க."

அக்காவின் முகம் மாறியது. அதைவிட வேகமாக விடைகள் மாறின.

"சாப்பாடா? இல்லவே இல்லம்மா." தம்பியின் கையிலிருந்த பாதி கடித்த பிஸ்கட்டைப் பிடுங்கி முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். "சுத்தமா? கிட்ட வந்து மோந்து பாரு." தம்பியின் மேனியில் சோப்பு மணம் கமகமத்துக்கொண்டிருந்தது.

"அம்மா, நீங்க கொஞ்சம் உள்ள இருங்க. ஐயாதான் சொல்லணும்."

அக்கா சமையலறைக்குப் போனார். வாய் மட்டும் கூடத்திலேயே தங்கிவிட்டது. "மூஞ்சிய கொஞ்சம் வாட்டமா வெச்சுக்கிட்டுச் சொல்லுடா" என்று உள்ளிருந்து ஆணை வந்தது. அதன்பிறகு தம்பி பேசத் தொடங்கும்போதெல்லாம் ஒரு பாத்திரம் விழுந்தது.

"சாயங்காலத்துல எங்க போகணும்னு ஆசைப்படறீங்க?"

"தெருமுனை சலூனுக்கு."

பாத்திரம் விழவில்லை. அக்காவே வந்துவிட்டார். "தலையில ஒத்த முடி கிடையாது. இவனுக்கு எதுக்கும்மா சலூன்?"

"வெட்டிக்கப் போகலக்கா. அங்க நாலு பேரு உக்காந்து பேசிட்டிருப்பாங்க. என்னையும் யாராவது ஏதாவது கேப்பாங்க." தம்பி சட்டைப் பொத்தானை விட்டுவிட்டு நிமிர்ந்தார். "நானே பதில் சொல்லுவேன்."

அக்கா வாயைத் திறந்தார். அந்த இனத்தின் வரலாற்றிலேயே முதன்முறையாக, அது ஓசையின்றி மூடிக்கொண்டது. வந்தவள் எழுதிக்கொண்டாள்.

மாலை உதவி கிடைத்தது. சில வாரங்கள் கழித்து, ஏற்பாடு எப்படி நடக்கிறதென்று பார்க்க அதே பெண் வந்தபோது தம்பி வீட்டில் இல்லை. இன்று மழை வருமா என்று சலூனில் யாரோ தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டதற்கு, அவர் அங்கே விரிவாகப் பதிலளித்துக்கொண்டிருந்தார்.

"எப்படி இருக்கீங்கம்மா?" என்றாள் வந்தவள்.

"நல்லா இருக்கான்" என்றார் அக்கா.

"நான் உங்களக் கேட்டேன்."

அக்கா வலப்பக்கம் பார்த்தார், இடப்பக்கம் பார்த்தார். எடுத்துச் சொல்ல ஒருவரும் இல்லை. வந்தவளும் அவசரப்படவில்லை. அக்கா யோசித்துக்கொண்டே இருந்தார்.

அவர் என்ன சொன்னார் என்று இங்கே எழுதுவதற்கில்லை. அது அவர் சொல்ல வேண்டியது. ஆனால் அன்பரே, இந்த இடைவெளியில், 'பாவம், அலுப்பாக இருக்கிறது என்றிருப்பார்' என்றோ, 'தம்பி இல்லாமல் வீடு வெறிச்சென்று இருக்கிறது என்றிருப்பார்' என்றோ அவருக்காக ஒரு பதிலை நீங்கள் தயார் செய்துவிட்டீர்கள் அல்லவா? நீங்கள் எந்த இனம் என்பதை உங்கள் வீட்டாரிடம் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். அவர்கள் சொல்லி முடிக்கும்வரை உங்களால் பொறுத்திருக்க முடிந்தால்.