பின் சீட் இல்லாத பைக்

அன்புள்ள மச்சானுக்கு,

இங்கே அனைவரும் நலம். நீயும் உன் மெக்கானிக் பட்டறையும், அங்கே வரும் வண்டிகளும் நலமா? வண்டிகள் நலமாக இருந்தால் உனக்குப் பிழைப்பு ஓடாது. ஆகவே கடைசிக் கேள்வியைக் கேட்காததாக வைத்துக்கொள்.

இந்தக் கடிதம் பற்றி உன் அக்காவிடம் மூச்சு விடாதே. இந்த மாதக் கடைசியோடு ஆஸ்பத்திரியில் அவளுடைய நர்ஸ் வேலை முடிகிறது. இத்தனை வருஷமும் பஸ்ஸில் நின்றுகொண்டே போய்வந்தவளைக் கடைசி நாளன்றாவது ராணி மாதிரி ஏற்றிக்கொண்டு வரவேண்டும் என்று எனக்கு ஆசை. அதற்காக உன்னிடம்கூடச் சொல்லாமல் ஒரு பழைய க்ரூஸர் பைக் வாங்கினேன். விலை கம்மி, தோரணை அதிகம். விற்றவர் ஒரு பல் டாக்டர். ஏறி உட்கார்ந்து பாருங்கள் என்றார், உட்கார்ந்தேன். என் உயரம் உனக்குத் தெரியும். எந்த வண்டியிலும் நுனிவிரலில் தவிக்கிற என் கால்கள் இரண்டும் தரையில் முழுசாகப் பதிந்தன. அந்த ஆனந்தத்தில் டயரைப் பார்க்கவில்லை, எஞ்சினைக் கேட்கவில்லை, பின்னால் திரும்பவே இல்லை.

வாசலில் கொண்டுவந்து நிறுத்தினேன். உன் அக்கா ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள்.

"நான் எங்க உக்கார்றது?"

அப்போதுதான் திரும்பினேன். பின் சீட்டே இல்லை. பல் டாக்டர் தனிக்கட்டை. அந்த இடத்தில் சாமான் வைக்கிற கம்பி கேரியரை மாட்டியிருக்கிறார். மூட்டையைப் போல என்னையும் கயிற்றால் கட்டிவிடுவீர்களா என்று கேட்டுவிட்டு உள்ளே போனவள்தான், அப்புறம் பேச்சே இல்லை. கோபமென்றால் தாங்கிக்கொள்வேன் மச்சான். நான் கவனிக்கவில்லை என்று நினைத்து ஜன்னல் வழியாக அந்த வண்டியையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவளுக்கும் ஆசை இருந்திருக்கிறது. எனக்கு மனசே ஆறவில்லை. நீ ஞாயிற்றுக்கிழமை வந்து ஓசைப்படாமல் ஓட்டிக்கொண்டுபோய் விற்றுவிடு. கடைசி நாளன்று நானும் பஸ்ஸில் போய் அவளோடு நின்றுகொண்டே வந்துவிடுகிறேன்.

உன் வீட்டுக்காரிக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு என் ஆசி.

இப்படிக்கு,
கால் தரையில் பதிந்தும் கவிழ்ந்துபோன
உன் அத்தான்

பி.கு.: வராதே. உறையை ஒட்டப் பசை தேடி உள்ளே போன நேரத்தில் வாசலில் எஞ்சின் சத்தம். ஓடிவந்து பார்த்தால் வண்டியையும் காணோம், உன் அக்காவையும் காணோம். பதறிப்போய் நிற்கிறேன், தெருமுனையிலிருந்து என் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு, அழகாகக் கியர் மாற்றி வருகிறாள்.

"கல்யாணத்துக்கு முன்னாடி தம்பி வண்டியில ஓட்டிப் பழகினது. நீங்க ஒருநாளும் கேக்கலையே."

இத்தனை வருஷம் நீயும் வாயைத் திறக்கவில்லையே, படுபாவி. கடைசி நாளன்று அவளே ஓட்டிக்கொண்டு போகிறாளாம். கூப்பிட வருகிறேன் என்றேன். வேண்டுமானால் கூடவே வாருங்கள் என்கிறாள். ஆகவே நல்ல பின் சீட்டாக ஒன்று பார்த்து அனுப்பு. கொஞ்சம் மெத்தென்று இருக்கட்டும். உட்காரப்போவது நான்.