கேப்டனைத் தாண்ட மாட்டார்

அரைகுறையாகப் படித்தவன் கையில் மார்க் போடும் அதிகாரம் கிடைத்தால், அந்த வீட்டில் விருந்தாளி நிம்மதியாகக் காபி குடிக்க முடியாது. எங்கள் வீட்டில் அந்த அரைகுறை நான்தான்.

அப்போது மதுரையில், ராணுவ அதிகாரி தேர்வுக்குப் பயிற்சி கொடுக்கும் ஒரு மையத்தில் உதவியாளனாகச் சேர்ந்திருந்தேன். (ராணுவத்தை நான் பார்த்ததெல்லாம் டிவியில்.) அங்கே தடை தாண்டப் பழக்கும் பலகையோடும் டிரம்மோடும் ஒருத்தனைக் கொஞ்ச நேரம் விட்டால், அவன் எந்தப் பதவி வரை போவான் என்று சொல்லிவிடுவேன் எனப் பீற்றிக்கொண்டு திரிந்தேன்.

அந்த நேரம் பார்த்து என் தங்கை செல்வியைப் பெண் பார்க்கத் திருமங்கலத்திலிருந்து பாண்டியன் வந்தார். புது லெப்டினன்ட். இவர் மேலே வருவாரா என்று அப்பா என்னிடம் கேட்டுவிட்டார்.

கேசரி சாப்பிட்டவரை எங்கள் ஆனையூர் வீட்டுக் கொல்லைக்கு அழைத்துப் போனேன். மாட்டுக் கழனித்தண்ணித் தொட்டிக்கு இருபுறமும் டிரம். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு எட்டாத நீளத்தில் ஒரு பலகை. தரையெல்லாம் கண்ணிவெடி, கால் படாமல் அந்தப் பக்கம் போகணும் என்றேன்.

அவர் நிதானமாகப் பார்த்தார். “ஏங்க, அந்தப் பக்கம் நம்ம ஆளு யாராச்சும் இருக்காங்களா?”

“இல்ல.”

“அப்ப எதுக்குப் போகணும்?”

முன்முயற்சி: பூஜ்யம். எப்படிச் செய்வது என்று நானே காட்டினேன். பலகை சரிந்தது. புண்ணாக்கு வாசத்தோடு தொட்டிக்குள் கிடந்த என் தலையை மாடு பிரியமாக நக்கத் தொடங்கியது. பாண்டியன் கண்ணிவெடிமேல் சாதாரணமாக நடந்து வந்து, மாட்டைத் தள்ளிக் கட்டிவிட்டு, என்னைத் தூக்கி நிறுத்தினார்.

சொட்டச் சொட்டக் கூடத்துக்கு வந்து முடிவை அறிவித்தேன்: “கேப்டனைத் தாண்ட மாட்டார்.”

அடுப்படியிலிருந்து செல்வியின் குரல் வந்தது. “கேப்டனே போதும்.”

கல்யாணத்துக்குப் பிறகு அவர் கேப்டனைத் தாண்டி மேஜரானார். (அதெல்லாம் வருஷம் ஓடினால் தானாக வரும் என்பதுகூட எனக்குத் தெரியாது.) கர்னல் பதவிக்குப் பொறுக்கி எடுக்கும் நேரம் நெருங்கியபோது செல்வி போனில் கெஞ்சினாள். “அண்ணே, அவரு ஆக மாட்டாருன்னு ஒரு வாட்டி சொல்லேன்.” சொன்னேன். ஆகிவிட்டார். அதிலிருந்து சொந்தத்தில் யார் பரீட்சைக்குப் போனாலும், தேறாது என்று என் வாயால் கேட்டுவிட்டுத்தான் பஸ் ஏறுகிறார்கள்.

போன மாதம் அவர்கள் மகளே அதிகாரி தேர்வுக்குக் கிளம்பினாள். தட்டில் வெற்றிலை பாக்கு வைத்துக்கொண்டு என் முன்னால் நின்றாள். தூக்கி வளர்த்த பிள்ளை. மனசு இளகி, “நல்லாத் தேறுவம்மா” என்று சொல்லித் தொலைத்தேன்.

செல்வி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். விடுப்பில் வந்திருந்த கர்னல் என்னைத் தோளோடு அணைத்து வாசலுக்குக் கூட்டிப்போனார்.

“மச்சான், உள்ள வந்து மாத்திச் சொல்லிருங்க. அதுவரைக்கும் உங்க தங்கச்சி இலை போட மாட்டா.”

மாற்றிச் சொன்னேன். இலை விழுந்தது.