எட்டும் எட்டாததும்

ஒரு விடுகதை. அவசரப்படாமல் கேளுங்கள்.

ஒற்றைக் கண். உதைத்தால்தான் எழும்பும். காதைத் திருகினால் ஓடும். கழுத்தைப் பிடித்துத் திருப்பினால் திரும்பும். எங்கே நிறுத்தினாலும் ஒரு பக்கம் சாய்ந்துகொண்டு நிற்கும். அது என்ன?

மோட்டார் சைக்கிள் என்று சொன்னவர்களுக்குப் பாதி மதிப்பெண். இதே விடுகதையை நான் வீட்டில் போட்டபோது, என் மனைவி காய் நறுக்குவதை நிறுத்தாமலே, "அந்த ஒற்றைக் கண்ணை மட்டும் எடுத்துட்டா நீங்கதான்" என்றாள். எங்கள் மகள் அவளுக்கு முழு மதிப்பெண் கொடுத்துவிட்டாள்.

என் வண்டிக்கு வயது பதினெட்டு. எங்கள் கல்யாணத்துக்கு வயது பதினொன்று. அதாவது வண்டிதான் மூத்தாள். ஒரு காலத்தில் சிவப்பாக இருந்தது. இப்போது அதன் நிறம் பார்ப்பவர் மனதைப் பொறுத்தது.

எங்கள் தொழிலையும் சொல்லிவிடுகிறேன். நான் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துபவன். ஊரார் எழுத்தில் ஒரு புள்ளி விட்டுப்போனாலும் மூன்று மேசைக்கு அப்பாலிருந்து பிடித்துவிடுவேன். தாள்களை வீட்டுக்கும் கொண்டுவருவேன். அந்த நேரத்தில் யார் எது சொன்னாலும் என் பதில் "ம்". என் மனைவி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுப்பவள். அவள் ஊசி குத்துவது யாருக்கும் தெரியாது. பஞ்சை வைத்து, "கையை மடக்கிக்கோங்க" என்று சொல்லும்போதுதான், எல்லாம் முடிந்துவிட்டது என்று தெரியும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

பிரச்சினை ஒரு தபால் பெட்டியில் ஆரம்பித்தது. மகளுக்கு ஒன்பது வயது. தினமும் காலையில் வண்டியில் கூட்டிப்போவேன். பள்ளிக்கூடத்துக்கு ஒரு தெரு முன்னால், மூலையில் இருக்கும் தபால் பெட்டி அருகே அவள் என் முதுகைத் தட்டுவாள்.

"இங்கேயே இறக்கி விடுங்கப்பா."

"பள்ளிக்கூடம் அடுத்த தெருவிலம்மா."

"தெரியும்ப்பா."

தன் காலில் நிற்கப் பழகுகிறாள் என்று ஒரு வருடம் பெருமைப்பட்டேன். ஒருநாள் காரணம் கேட்டேன்.

"வண்டி சத்தம் கேட்டதும் எல்லாரும் ஜன்னலுக்கு ஓடி வந்துடறாங்கப்பா. டீச்சரே பாடத்தை நிறுத்திட்டாங்க ஒருநாள்."

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். ஆறுதல் எதிர்பார்த்தேன்.

"பழைய இரும்பு வாங்கறவர் செவ்வாய்க்கிழமை தோறும் நம்ம தெருவுக்கு வர்றாருங்க" என்றாள்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. எழுந்து நின்றேன். "ஒரே மாசம்! புது வண்டியே வேண்டாம். சின்னச் சின்னதா மாத்தி, இதையே புதுசாக்கிக் காட்டறேன். பாப்பா இதே வண்டியில போய்ப் பள்ளிக்கூட வாசல்ல இறங்குவா. இறங்கலைன்னா நானே இரும்புக்காரரைக் கூப்பிடறேன்."

"இறங்கினா?"

"வண்டி இந்த வீட்டை விட்டு நகராது. நீயும் அதுக்கப்புறம் ஒரு வார்த்தை பேசக்கூடாது."

"எழுதித் தருவீங்களா?"

மெய்ப்புத் திருத்துபவனிடம் கேட்கிற கேள்வியா இது? உடனே எழுதினேன்: 'ஒரு மாதத்துக்குள் மகள் இந்த வண்டியில் பள்ளி வாசல்வரை சென்று இறங்கினால், வண்டி இந்த வீட்டிலேயே இருக்கும். அதன்பின் மறுபேச்சு இல்லை.' இரண்டு முறை படித்துப் பார்த்தேன். ஒரு பிழை இல்லை. அவளும் படித்தாள். "அழகா எழுதியிருக்கீங்க" என்று மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். பாராட்டுக்கு மயங்காதவன் யார்?

மறுநாள் சாப்பிடும்போது அவளே உதவிக்கு வந்தாள். "என்னோட குறைகளையும் சேர்த்துக்கோங்க. நானும் அந்த வண்டியில போறவதானே?"

"சொல்லு, சொல்லு."

"முன் விளக்கு. கிணத்துல விழுந்த நிலா மாதிரி இருக்கு."

"மாத்திடலாம்."

"சைலன்சர் ஓட்டை."

"அடைச்சிடலாம். கைப்பிடியும் தேய்ஞ்சு போச்சு. அதையும் மாத்தணும்."

"கைப்பிடிச்சவளை மாத்தாம இருந்தா சரி."

"அதுக்கு உதிரி பாகம் கிடைக்காதும்மா."

மகள் சிரித்தாள். எனக்கு ஒரு மதிப்பெண். அதுதான் அந்த மாதத்தில் எனக்குக் கிடைத்த கடைசி மதிப்பெண்.

"அப்புறம் அந்தக் கிளட்ச்" என்றாள் மனைவி. "கல்லு மாதிரி இருக்கு. பிடிச்சா கை கடுக்குது."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. தினமும் கிளட்ச் பிடித்து என் கை கடுப்பதை நான் யாரிடமும் சொன்னதில்லை. பின்னால் உட்கார்ந்தே கண்டுபிடித்திருக்கிறாளே! பதினோரு வருடத் தாம்பத்தியம் என்றால் சும்மாவா?

"கடைசியா ஒண்ணு. சீட்டு ரொம்ப உயரம். கால் எட்டல."

"எட்ட வெச்சுடறேன்" என்றேன்.

எங்கள் பட்டறைக்காரரை எல்லோரும் டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். திருப்புளியின் ஒரு முனையை எஞ்சினில் வைத்து, மறு முனையைக் காதில் வைத்துக் கேட்பார். என் வண்டியின் நெஞ்சில் வைத்துக் கேட்டுவிட்டு, திருப்புளியைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

"பொழைக்குமா டாக்டர்?"

"எஞ்சின் தங்கம் சார். மத்ததெல்லாம்தான் தகரம். ஒரேயடியா செய்ய வேண்டாம். சனிக்கிழமை சனிக்கிழமை கொண்டாந்து விடுங்க. சாயந்திரம் வரைக்கும் இருக்கட்டும். ஓட்டிப் பாக்கணும்."

முதல் சனிக்கிழமை முன் விளக்கு மாறியது. ஒரு சட்டை விலைதான். ஆனால் பார்க்க வேண்டுமே! தெருமுனையில் ரோட்டை வழிமறித்துப் படுத்திருக்கும் நாய், முதல்முறையாக எழுந்து வழிவிட்டது. சைலன்சர் ஓட்டையைப் பற்றவைத்து அடைத்தார். அதுவரை இருமிக்கொண்டிருந்த வண்டி, பேச ஆரம்பித்தது. கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவி, புது ஸ்பார்க் பிளக் போட்டார். ஏழு உதைக்கு எழுந்த வண்டி ஒரே உதைக்கு எழுந்தது.

அதே சனிக்கிழமைதான் மனைவி கால் மூடிய காலணி போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

"எங்கேம்மா?"

"மைதானத்துக்கு. எட்டு போடப் போறேன்."

தரையில் எட்டு வரைந்து அதன் மேலேயே சுற்றிச் சுற்றி நடந்தால் உடம்புக்கு நல்லது என்று இப்போது எல்லோரும் நடக்கிறார்களே, அந்த எட்டு. பக்கத்து வீட்டுக்காரர்கூட மொட்டை மாடியில் சுண்ணாம்பால் வரைந்து வைத்திருக்கிறார். நம் வீட்டிலும் ஆரோக்கியம் நுழைகிறது என்று மகிழ்ந்தேன்.

மாலையில் கேட்டேன். "எத்தனை எட்டு போட்டே?"

"நாலு. ஆனா காலைக் கீழே வைக்காம ஒண்ணுதான் போட முடிஞ்சுது."

"காலைக் கீழே வைக்காம எப்படிம்மா?"

"அதாங்க கஷ்டம்."

ஏதோ உயர்ந்த பயிற்சி போலிருக்கிறது என்று மெய்ப்புத் தாளுக்குத் திரும்பினேன்.

இரண்டாம் சனிக்கிழமை கிளட்ச் கம்பி புதிதாக வந்தது. ஒரே விரலால் பிடிக்கலாம், வெண்ணெய் மாதிரி.

"லீவர் ரெண்டையும் கொஞ்சம் உள்ளே தள்ளி வெச்சிருக்கேன் சார்" என்றார் டாக்டர். "சின்ன விரலுக்கும் எட்டும்."

"என் விரல் பெரிசாச்சே டாக்டர்?"

"பெரிய விரலுக்கும் எட்டும் சார். அக்காதான் சொன்னாங்க."

என் விரல்மேல் அவளுக்கு எத்தனை அக்கறை! அன்று மாலை அவள் முழங்காலில் சிராய்ப்போடு வந்தாள்.

"என்னாச்சு?"

"விழுந்துட்டேன்."

"நடக்கும்போதா?"

"திரும்பும்போது."

நானே மருந்து போட்டுவிட்டேன். "மெதுவாத் திரும்பு. அவசரம் என்ன?" என்று அறிவுரையும் சொன்னேன். "டாக்டரும் அதையேதான் சொன்னாரு" என்றாள். எந்த டாக்டர் என்று நான் கேட்கவில்லை. சிராய்ப்புக்கு மருத்துவரிடம் போவது நல்ல பழக்கம்தானே?

மூன்றாம் சனிக்கிழமை சீட்டு. பஞ்சைச் செதுக்கி, இரண்டு அங்குலம் இறக்கி, புது உறை தைத்துவிட்டார்கள். சீட்டு இறங்கியது. என் முழங்கால் ஏறியது. நான் ஆறடிக்கு ஒரு விரற்கடை குறைவு. ஒவ்வொரு திருப்பத்திலும் என் முழங்கையும் முழங்காலும் நலம் விசாரித்துக்கொண்டன. வண்டியில் உட்கார்ந்து போவது போய், குந்திப் போவது என்று ஆகிவிட்டது. இன்னொன்றையும் பார்த்தேன். இறக்கியிருந்தது முன் பக்கம் மட்டும். பின் பக்கம் அப்படியே இருந்தது.

"இப்ப கால் எட்டுதா?" என்று மனைவியிடம் கேட்டேன்.

"எனக்குச் சரியா எட்டுது. உங்களுக்கு?"

"காது வரைக்கும் எட்டுது."

இத்தனைக்கும் பிறகு, திங்கட்கிழமை மகள் அதே தபால் பெட்டி அருகே முதுகைத் தட்டினாள். மாதம் முடிய ஒரு வாரம்தான் இருந்தது. இரும்புக்காரரின் தராசு கண்முன் ஆடியது.

"ஏம்மா? சத்தம் இல்லையே? விளக்கு பளிச்சுனு இருக்கே?"

"வண்டி சூப்பர்ப்பா. இன்னும் ஒரு வாரம் பொறுங்க" என்றாள். சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டு ஓடிவிட்டாள்.

கடைசி நாள் வந்தது. துணியால் துடைத்துத் துடைத்து, சிவப்பு எங்கே இருந்தது என்று நானே கண்டுபிடித்திருந்தேன். நாலாம் சனிக்கிழமை டாக்டர் மாட்டிவிட்ட புதுக் கண்ணாடிகள் இரண்டும் இரண்டு காது போல நின்றன. நல்ல சட்டை போட்டு, தலை வாரி, வாசலுக்கு வந்தேன்.

வண்டி மேல் என் மனைவி உட்கார்ந்திருந்தாள்.

தலையில் ஹெல்மெட். காலில் அந்தக் காலணி. பின்னால் கம்பியில் ஒரு வெள்ளைப் பெட்டி, அதன் மேல் அவளுடைய பரிசோதனைக் கூடத்தின் பெயர். இரண்டு பாதங்களும் தரையில் அச்சடித்தது போலப் பதிந்திருந்தன.

"என்னம்மா இது?"

"எங்க கூடத்துல வீடு வீடாப் போய் ரத்தம் எடுக்க ஆள் கேட்டாங்க. கியர் வண்டி ஓட்டத் தெரிஞ்சிருக்கணும்னாங்க. சேரட்டுமான்னு உங்ககிட்ட கேட்டேனே."

"நான் என்ன சொன்னேன்?"

"'ம்'னு சொன்னீங்க."

பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்து நீட்டினாள். ஓட்டுநர் உரிமம். படத்தில்கூடச் சிரித்துக்கொண்டிருந்தாள். "முதல் தடவையிலேயே எட்டு போட்டு வாங்கினதுங்க. காலைக் கீழே வைக்காம."

அப்போதுதான் அந்த எட்டு எனக்கு எட்டியது. டாக்டர் சனிக்கிழமைகளில் 'ஓட்டிப் பாக்கணும்' என்றாரே, ஓட்டியது யார் என்பதும்தான். விளக்கு, கிளட்ச், லீவர், சீட்டு. ஒவ்வொன்றையும் என் கையாலேயே அவள் அளவுக்குத் தைக்க வைத்திருக்கிறாள். கோபம் வரவேண்டிய இடம்தான். வரவில்லை. ஊசி குத்தியதே தெரியவில்லையே, எங்கிருந்து வலிக்கும்?

இருந்தாலும் ஓர் ஆண்மகன் எதையாவது சொல்ல வேண்டும். "நம்ம ஒப்பந்தம் என்னாச்சு?"

கைப்பையிலிருந்து என் காகிதத்தை எடுத்தாள். "படிங்க. யார் ஓட்டணும்னு எங்கே இருக்கு?"

படித்தேன். மூன்று முறை படித்தேன். ஒற்று சரி. புள்ளி சரி. ஓட்டுகிற ஆளைத்தான் விட்டிருந்தேன்.

காகிதத்தை என் உள்ளங்கையிலேயே வைத்தாள். "கையை மடக்கிக்கோங்க" என்றாள்.

மடக்கிக்கொண்டேன்.

"உங்க அச்சகத்துக்கு எட்டாம் நம்பர் பஸ் போகுதுங்க. எட்டி நடந்தா பிடிச்சிடலாம்" என்று அன்பாகச் சொன்னாள். ஒரே உதை. வண்டி எழுந்தது. காதைத் திருகினாள். எத்தனை நிதானம்! பின்னால் வண்டி வருகிறதா என்று கண்ணாடியில் பார்த்தாள். பதினெட்டு வருடத்தில் நான் ஒருமுறைகூட அதைச் செய்ததில்லை. வண்டிகூட நிமிர்ந்து நிற்பதாகத் தோன்றியது.

நான் கடைசி முயற்சியாக மகளைப் பார்த்தேன். "பாப்பாவே சொல்லட்டும். அப்பா ஓட்டி நீ பின்னாடி உட்கார்றியா, அம்மா ஓட்டி நீ பின்னாடி உட்கார்றியா?"

"சரிதான். அவளே சொல்லட்டும்" என்றாள் மனைவி. உடனே வண்டியை விட்டு இறங்கவும் தயாராக ஒரு காலை ஊன்றிக்கொண்டாள்.

மகள் என்னைப் பார்த்தாள். என் முழங்காலைப் பார்த்தாள். ஹெல்மெட்டின் பட்டையைப் போட்டுக்கொண்டாள். அம்மாவுக்குப் பின்னால் ஏறி உட்கார்ந்து, "பள்ளிக்கூட வாசல்லயே இறக்கி விடும்மா" என்றாள்.