மேஜைக்கடியில் ஒரு குடும்பத் தலைவர்

இதை யாரிடமும் சொல்வதில்லை என்றுதான் இருந்தேன். ஆனால் எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. பாக்கி நீங்கள்தான். அடுத்தவர் சொல்லி நீங்கள் கேட்பதைவிட நானே சொல்லிவிட்டால் கொஞ்சம் மானம் மிஞ்சும் என்று ஒரு நப்பாசை.

நான் அச்சகத்தில் பிழை திருத்துகிறவன். நாள் முழுக்க வரி வரியாகப் பார்ப்பது தொழில். வீட்டுக்கு வந்தால் வேறு வரி. இந்த வருஷம் அது இரண்டு மடங்கானது. நாங்கள் மாடி கட்டவில்லை, ஒரு ஜன்னல்கூட வைக்கவில்லை. தெருவில் மூன்றாவதாக ஒரு கடை வந்தது, அவ்வளவுதான். முதலில் ஜெராக்ஸ் கடை, அப்புறம் செல்போன் ரிப்பேர், கடைசியில் சலூன். ஒரு தெருவில் மூன்று கடை இருந்தால் அது வணிகத் தெரு என்று நகரசபை புது விதி போட்டிருந்தது. அங்கே நீங்கள் கல்லாவில் உட்கார்ந்திருந்தாலும் சரி, கட்டிலில் படுத்திருந்தாலும் சரி, இரட்டை வரி. சலூன்காரர் ஊருக்கெல்லாம் முடியைக் குறைத்தார், எங்களுக்கு வரியை வளர்த்தார்.

நோட்டீஸைப் படித்துவிட்டு மனைவி தன் தையல் மெஷினைப் பார்த்தாள். எனக்குப் புரிந்தது. முன் அறையை வாடகைக்கு விட்டால்தான் இந்த வரியைக் கட்ட முடியும். அங்கேதான் அவளுடைய மெஷினும் துணி வெட்டும் மேஜையும் இருந்தன. பன்னிரண்டு வருஷமாகச் சேர்த்த வாடிக்கையாளர்கள் அங்கேதான் வருவார்கள். அறை போனால் மெஷின் அடுப்படிக்குப் போகும், வாடிக்கையாளர்கள் வேறு கடைக்குப் போவார்கள்.

"கவலைப்படாதே. நான் இருக்கேன்ல?" என்றேன்.

"அதான் கவலை" என்றாள்.

சுருக்கென்றது. இந்த ஒரு தடவையாவது இவள் முன்னால் நெஞ்சை நிமிர்த்தி நிற்பது என்று அங்கேயே சபதம் எடுத்தேன்.

வழியும் கிடைத்தது. பெண்ணைத் தலைவியாகக் கொண்ட குடும்பத்துக்கு வரியில் பாதி தள்ளுபடி. அந்த விண்ணப்பப் படிவம் எங்கள் அச்சகத்தில்தான் அச்சானது. பிழை திருத்தியவன் நான். எனவே அதில் எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்று ஒரு திமிர். 'கணவர் நிலை' என்பதற்கு எதிரே மூன்று கட்டங்கள். (அ) காலமானவர். (ஆ) குடும்பத்தைக் கைவிட்டவர். (இ) பொறுப்பேற்க இயலாதவர்.

முதல் கட்டத்தின் பக்கமே நான் போகவில்லை. மூன்றாவது, ஓர் ஆண்பிள்ளை தன் கையால் டிக் போட்டுக்கொள்ளும் சமாசாரமா? மிச்சம் (ஆ). கைவிட்டவர். சொல்லிப் பார்த்தபோது கொஞ்சம் கம்பீரமாகக்கூட இருந்தது. பென்சிலால் டிக் போட்டேன். எதையும் முதலில் பென்சிலால் குறித்து, மறுபடி பார்த்த பிறகுதான் மை தொடுவேன். தொழில் பழக்கம். மை தொடுமுன் மனைவி வந்துவிட்டாள்.

"இதுல ஒரு கையெழுத்துப் போடு."

"எதுக்குங்க?"

"வரித் தள்ளுபடிக்கு. படிக்கவெல்லாம் வேண்டாம். எல்லாம் நான் பார்த்துட்டேன்."

"நீங்களே பார்த்தப்புறம் நான் என்னத்தைப் படிக்கிறது?" என்று போட்டுவிட்டாள். "நானே கொண்டுபோய்க் குடுத்துடறேன். அந்தப் பக்கம் நூல் வாங்கணும்."

"யாராவது விசாரிக்க வந்தா நான் வீட்ல இல்லைன்னு சொல்லிடு."

"ஏன்?"

"அதெல்லாம் சட்ட நுணுக்கம். உனக்குப் புரியாது."

"சரிங்க."

இருபது வருஷத்தில் இப்படி ஒரு பணிவை நான் பார்த்ததில்லை. அப்போதே உஷாராகியிருக்க வேண்டும்.

பத்து நாள் கழித்து ஒரு சனிக்கிழமை காலை. முன் அறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். வாசலில் குரல். "நகரசபையிலேர்ந்து வரேம்மா. வரி ஆய்வாளர்."

குடும்பத்தைக் கைவிட்டவன் பனியனோடு நாற்காலியில் உட்கார்ந்திருக்கலாமா? வெளியே போக வேறு வழி கிடையாது. வெட்டும் மேஜை மேல் ஒரு துணி தரை வரை தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே புகுந்துவிட்டேன். முழங்காலில் ஒரு ஊசி ஏறியது. பல்லைக் கடித்துக்கொண்டேன். துணிக்குக் கீழே இரண்டு பழுப்பு ஷூ வந்து நின்றது தெரிந்தது. எதிரே மனைவியின் கால்கள்.

"விண்ணப்பம் குடுத்தது நீங்கதானேம்மா?"

"ஆமாங்க."

"வீட்டுக்காரர்?"

"இருக்காருங்க."

கையை நீட்டி அவள் கால் விரலைச் சுண்டினேன்.

"எங்கம்மா இருக்காரு?"

"இங்கதான் எங்கயாவது இருப்பாரு."

"இல்லைன்னு சொல்லு!" என்றேன், ரகசியமாக. பதற்றம் வந்தால் என் ரகசியம் அடுத்த தெருவுக்குக் கேட்கும்.

துணி விலகியது. ஒரு மூக்குக்கண்ணாடி உள்ளே எட்டிப் பார்த்தது.

"ஐயா, நீங்க யாரு?"

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் அறை போகும், மெஷின் போகும், என் சபதமும் போகும். போட்ட டிக்கைக் காப்பாற்றியே தீருவது என்று துணிந்தேன்.

"நான் இந்த வீட்ல இல்லீங்க."

"இல்லையா?"

"இல்ல. இவங்களை விட்டுட்டுப் போயி ரெண்டு வருஷமாச்சு."

"அப்ப இப்ப எங்க இருக்கீங்க?"

"தெரியல. யாருக்குமே தெரியாது."

ஆய்வாளர் மெதுவாக நிமிர்ந்தார். குரல் குழைந்திருந்தது. "எத்தனை நாளாம்மா இப்படி?"

"கல்யாணம் ஆனதுலேர்ந்தே இப்படித்தாங்க."

"வேலைக்குப் போறாரா?"

"போவாரு, வருவாரு. அங்க நல்ல மனுஷங்க, பார்த்துக்கிறாங்க."

"கோபம், முரட்டுத்தனம் ஏதாவது?"

"சேச்சே. சாதுங்க."

"டாக்டர் சர்டிபிகேட் வேண்டாம்மா. ஆய்வாளர் நேர்ல பார்த்துத் திருப்திப்பட்டா போதும்னு விதியிலேயே இருக்கு. எனக்குப் பரம திருப்தி" என்று மேஜை மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டார். பிறகு குனிந்து, படிவத்தை என் முகத்துக்கு நேரே பிடித்தார். "ஐயா, இது படிக்க முடியுதா?"

படிக்க முடிந்தது. அதுதான் கொடுமை. இரண்டாவது கட்டத்தில் ரப்பர் தேய்த்த தடம். மூன்றாவது கட்டத்தில், நீல மையில், அழகான டிக்.

என் தலையைத் தடவிக்கொடுத்துவிட்டு, படிவத்தை இரண்டு பிரதி எடுக்க நேராக எங்கள் தெரு ஜெராக்ஸ் கடைக்குப் போனார்.

தவழ்ந்து வெளியே வந்தேன். "என்னை எதுக்கும் லாயக்கில்லாதவன் ஆக்கிட்டியே!"

"நான் டிக்கு மட்டும்தான் போட்டேன். மிச்சத்தை நீங்கதானே பேசினீங்க?"

"எதுக்கு மாத்தினே?"

அவள் சிரிக்கவில்லை. மெஷின் முன்னால் போய் உட்கார்ந்தாள். "கைவிட்டவர்னு போட்டிருந்தீங்களே. உங்களுக்குக் கை கூசலையா? அதைப் படிச்சுட்டு நூல் கடை வாசல்ல எவ்வளவு நேரம் நின்னேன் தெரியுமா? கடைக்காரர் என்னம்மா ஆச்சுன்னு கேட்டாரு. என்ன சொல்றது அவருக்கு?"

அவளை ஒரு வார்த்தை கேட்காமல், அவளை நடுத்தெருவில் நிறுத்தி, அதை அவள் கையெழுத்தாலேயே சொல்ல வைக்கப் பார்த்திருக்கிறேன். அதைக் கம்பீரம் என்று வேறு நினைத்திருக்கிறேன். வெட்கத்தில் முகம் எரிந்தது. மேஜைக்கடியில் பட்ட வெட்கம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

"தப்புதான். மன்னிச்சுடு."

"பொய் சொல்லாம எதுல டிக் போடலாம்னு மூணையும் பார்த்தேன்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஒண்ணுதாங்க இருந்துச்சு."

அறை தப்பியது. நான் தப்பவில்லை. மறுநாள் முடி வெட்டப் போனேன். ஒட்ட வெட்டச் சொன்னதற்குச் சலூன்காரர், "அம்மாவை ஒரு வார்த்தை கேட்டுக்கிறேன் சார்" என்று போனை எடுத்தார். ஜெராக்ஸ்காரர் என் கையைப் பிடித்துத் தெருவைக் கடக்க வைத்தார்.

பொறுக்க முடியவில்லை. கூடுதல் நேரம் வேலை பார்த்து முழு வரியையும் நானே கட்டிவிடுகிறேன், நான் பொறுப்பேற்க இயன்றவன்தான் என்று நகரசபைக்கு ஒரு மனு எழுதினேன். எடுத்த எடுப்பிலேயே மையால். கையெழுத்துப் போட்டு மனைவியிடம் நீட்டினேன். இந்தத் தடவை அவளைப் படிக்கச் சொன்னேன்.

நிதானமாகப் படித்தாள். "நல்லா எழுதியிருக்கீங்க, ஒரு பிழைகூட இல்ல. ஆனா பொறுப்பேற்க இயலாதவர் குடுக்கற மனுவுல பொறுப்பாளரும் கையெழுத்துப் போட்டாதான் செல்லுமாம்" என்று அதை மடித்து என் கையிலேயே கொடுத்தாள். "நான் யோசிச்சுச் சொல்றேன்."