கிருஷ்ணவேணியின் டிரெயினிங்கில் என் மீசை போன விவரம்

திண்டிவனம்,
சுபகிருது வருஷம், வைகாசி மாதம்.

விழுப்புரம் ரயில்வே பார்சல் ஆபீசில் மூட்டைகளுக்கு நடுவே உத்தியோகம் பார்க்கும் மச்சான் சிரஞ்சீவி தட்சிணாமூர்த்திக்கு, மாட்டுத்தரகு சுப்பராயலு ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொண்டது. இங்கு நானும், உன் அக்கா ராஜாமணியும், எங்கள் மகள் கிருஷ்ணவேணியும், செவலைப் பசுவும் அதன் கன்றும் சுகம். அங்கு நீயும் தேவகியும் குழந்தைகளும் சுகமாக இருக்க மயிலம் முருகன் துணை. சம்பிரதாயம் முடிந்தது. இனிமேல் உட்கார்ந்துகொண்டு படிக்கவும்.

போன வருஷம் நீ என்ன சொன்னாய்? “பாப்பா டீச்சர் வேலைக்குப் படிக்கட்டும் மாமா, மெட்ராஸ்ல நல்ல டிரெயினிங் இருக்குது” என்றாய். நானும் நம்பி அனுப்பினேன். அது காது கேட்காத பிள்ளைகளுக்குப் பேச்சுச் சொல்லிக் கொடுக்கும் டிரெயினிங் என்பதை மட்டும் சாமர்த்தியமாக விழுங்கிவிட்டாய். லீவுக்கு வந்தவள் பெட்டியைத் திறந்தால் உள்ளே ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி, ஒரு மயிலிறகு, ஒரு கட்டுக் காகித நாடா. டீச்சர் பெட்டியில் பிரம்பு அல்லவா இருக்க வேண்டும்? விஷயம் தெரிந்ததும் உன்னைத் திட்டிய திட்டில் செவலைப் பசு அன்று பாலே கறக்கவில்லை. ஏன் திட்டினேன் என்றால், வானூர் அரங்கநாதனுக்கு நான் உழவு மாடு பிடித்துக் கொடுத்த பழக்கத்தில், அவர் மகன் சீனுவாசனுக்கு நம் பெண்ணைக் கேட்டிருந்தார். நல்ல நிலம், நல்ல பையன். ஊமைப் பள்ளிக்கூடத்தில் படிக்கிற பெண் என்று தெரிந்தால் பெண்ணே ஊமையோ என்று கிளப்பிவிட ஊரில் ஆளா இல்லை? ஆகவே வானூர் சம்பந்தம் அமைந்த கையோடு படிப்பை நிறுத்துவது என்று நான் தீர்மானித்தேன். அவளோ, லீவு முடிவதற்குள் ஒரு பிள்ளையை ஒரு வார்த்தையாவது பேச வைத்து, டிரெயினிங் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் பாஸ் கிடையாது என்று அவள் பாட்டுக்கு ஒரு தீர்மானம் வைத்திருந்தாள்.

பிள்ளையும் வந்து சேர்ந்தது. சந்தைக்குக் கருவாடு கொண்டு வருகிற பொம்மையார்பாளையத்துக் கிளியம்மாளின் மகள், சின்னபொண்ணு என்று பேர். பிறந்ததிலிருந்து காது கேட்காது, ஒரு சத்தம் கிடையாது. ஆனால் கண் இருக்கிறதே, நம் வீட்டில் எந்தப் பானையில் என்ன இருக்கிறது என்று வந்த அன்றே தெரிந்துகொண்டது. தாயையும் மகளையும் வீட்டிலேயே தங்க வைத்துவிட்டு கிருஷ்ணவேணி எங்களுக்குச் சட்டம் போட்டாள். குழந்தை முன்னால் யாரும் கையால் ஜாடை காட்டக்கூடாது, ஜாடையிலேயே காரியம் நடந்துவிட்டால் அது பேசப் பழகாதாம். வெளிச்சத்தைப் பார்த்து நின்று, வாயை நன்றாகத் திறந்து, நிதானமாகப் பேச வேண்டும். மச்சான், நான் செய்வது என்ன தொழில்? துண்டுக்குள் கையை விட்டு, விரலைப் பிடித்து, பக்கத்தில் நிற்பவனுக்குத் தெரியாமல் விலை பேசுகிற தொழில். என்னைப் போய்க் கையைக் கட்டிக்கொண்டு பேசு என்றால்? அதையாவது பொறுத்துக்கொண்டேன். அடுத்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “அப்பா, உங்க மீச ஒதட்ட மறைக்குது. கொழந்தைக்கு ஒண்ணும் தெரியல” என்றாள். முடியாது என்று கத்தினேன். குழந்தை என் மீசையைப் பார்த்துக்கொண்டே இருந்தது, வாயைப் பார்க்கவே இல்லை. மறுநாள் நாவிதனைக் கூப்பிட்டு எடுத்துவிட்டேன்.

இதன் பலன் சந்தையில் தெரிந்தது. மீசை எடுத்தால் வீட்டில் யாரோ செத்துவிட்டதாக அர்த்தம் என்பதை நான் யோசிக்கவில்லை. “யாருங்க தவறிட்டாங்க?” என்று ஒவ்வொருவராக வந்து கையைப் பிடித்தார்கள். யாரும் சாகவில்லை என்றால், பாவம் துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்று இன்னும் இறுக்கிப் பிடித்தார்கள். கண்டமங்கலத்திலிருந்து ஒருவர் மாலையோடு வந்தார். அந்த மாலையைப் பசு தின்றது.

வீட்டில் பாடம் நடந்தபடி இருந்தது. காகித நாடாவை வாய்க்கு எதிரே பிடித்து ‘போ’ என்றால் நாடா ஆடும். குழந்தையும் ஊதும், நாடாவும் ஆடும், குரல் மட்டும் வராது. கிருஷ்ணவேணி ஒரு யோசனை செய்தாள். கன்றுக்குட்டியின் கயிற்றைத் தன் கையில் வைத்துக்கொண்டு, குழந்தை ‘போ’ என்று ஊதினால் கயிற்றை விடுவாள், கன்று தாயிடம் ஓடும். குழந்தைக்கு ஒரே சிரிப்பு, கன்றுக்கு அதைவிடச் சந்தோஷம். எங்களுக்குத்தான் காப்பிக்குப் பால் இல்லை. குரலும் இல்லை. லீவும் தீர்ந்துகொண்டே வந்தது. என் மகள் சரியாகச் சாப்பிடாமல் கண்ணாடியும் கையுமாகத் திரிந்ததைப் பார்த்தபோது, நிறுத்தப் போகிற படிப்புதானே என்று நினைத்திருந்த நானே குழந்தை எதிரே உட்கார்ந்து ‘போ, போ’ என்று வாயைத் திறந்து காட்ட ஆரம்பித்தேன்.

இந்த நிலைமையில் வானூர்க்காரர்கள் பெண் பார்க்க வந்து இறங்கினார்கள். அரங்கநாதன் மழித்த என் முகத்தைப் பார்த்ததும் தீட்டு வீடு என்று வாசலிலேயே நின்றுவிட்டார். நானும் பழக்க தோஷத்தில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, வாயை அகலத் திறந்து, “வா... ங்க. உட்... கா... ருங்க” என்றேன். அவர், “எங்க காது நல்லாத்தாங்க இருக்குது” என்றார். உன் அக்கா பாலில்லாத கறுப்புக் காப்பியும், மல்லாட்டையை வறுத்து வெல்லம் சேர்த்துப் பிடித்த உருண்டையும் கொண்டு வந்தாள். சின்னபொண்ணு கூடத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு விளையாடிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளைப் பையன் சீனுவாசன் காலால் தரையைத் தட்டினான். குழந்தை சட்டென்று திரும்பியது, அதற்கு ஓர் உருண்டையைக் கொடுத்தான். சபையில் காலைத் தட்டுகிறானே, மரியாதை தெரியாதவன் என்று நினைத்துக்கொண்டேன். அரங்கநாதனுக்கு முகம் மாறிவிட்டது. எழுந்து நின்று, “மொதல்ல அந்த ஊமப் புள்ளைய அப்பால இட்டுக்கினு போங்க. நல்ல காரியம் பேசற எடத்துல இது எதுக்கு?” என்றார்.

கிளியம்மாள் பயந்துகொண்டு குழந்தையைத் தூக்க வந்தாள். குழந்தை வரவில்லை. அவர் எதிரே போய் நின்று, அவர் முகத்தை அண்ணாந்து பார்த்து, “போ” என்றது.

காற்று இல்லை மச்சான், குரல். துருப்பிடித்த கிணற்று ராட்டினம் மாதிரி ஒரு குரல். பெண் பார்க்க உட்கார்த்தி வைத்த கிருஷ்ணவேணி பட்டுப்புடவையோடு உள்ளேயிருந்து ஓடி வந்து, தரையில் உட்கார்ந்து, குழந்தையின் கையைத் தன் தொண்டையில் வைத்து இன்னொரு தரம் சொல்லச் சொன்னாள். “போ.” உன் அக்கா ஓடி வந்தாள். “போ.” அடுத்த ‘போ’வுக்கு அரங்கநாதன் செருப்பைத் தேடினார். அவரை இருக்கச் சொல்ல வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. கிளியம்மாள் கூடத்தில் சரிந்து உட்கார்ந்து, “எம் பொண்ணு கொரலு இப்டியா இருக்குது, இப்டியா இருக்குது” என்று சொல்லிக்கொண்டே அழுதாள்.

சம்பந்தம் போனதற்கு எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. தலையிலிருந்து மூட்டையை இறக்கி வைத்தாற்போல் இருந்தது. என் மகள் பாஸ். திங்கட்கிழமை அவளும் சின்னபொண்ணும் கிளியம்மாளும் மெட்ராஸ் ரயில் ஏறுகிறார்கள். படிப்பை முடிக்காமல் கல்யாணப் பேச்சு கிடையாது என்று நானே சொல்லிவிட்டேன், அதை நீ சொன்னதாக ஊரில் சொல்லித் திரியாதே. குழந்தைகளை இட்டுக்கொண்டு வருவது இதோடு சரி, நம் வீடு என்ன சத்திரமா? வானூர்க்காரர்கள் இனி என் வாசலை மிதிக்கக்கூடாது. மீசையையும் வளர்க்க ஆரம்பித்துவிட்டேன்.

தேவகிக்கும் குழந்தைகளுக்கும் எங்கள் ஆசீர்வாதம். உனக்கும் கொஞ்சம் உண்டு.

இப்படிக்கு,
சுப்பராயலு.

பி.கு.: உறையை ஒட்டுகிற சமயத்தில் வாசலில் வண்டி வந்து நின்றது. நான் பிடித்துக் கொடுத்த அதே மாடுகள். சீனுவாசன் ஒரு சின்னப் பெண்ணைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கினான். “என் தங்கச்சிங்க, பேரு லட்சுமி. காது கேக்காது. வெளியில தெரிஞ்சா பேஜாருன்னு ஊட்லயே வெச்சிக்கினு இருந்தோம். டீச்சரு இவளையும் இட்டுக்கினு போவாங்களான்னு கேக்க வந்தேன்” என்றான். அன்று அவன் காலைத் தட்டியது எங்கே கற்ற பழக்கம் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. அரங்கநாதன் வண்டியிலேயே உட்கார்ந்து மாட்டின் வாலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கிட்டே போனேன். வாயைத் திறக்காமல் தோள் துண்டை எடுத்து என் கைமேல் போட்டு, உள்ளே கையை விட்டார். விரலைப் பிடிக்கவில்லை. கையை முழுசாகப் பிடித்துக்கொண்டார், விடவில்லை. இத்தனை வருஷம் தரகு செய்திருக்கிறேன் மச்சான், அது என்ன விலை என்று எனக்குத் தெரியவில்லை.

ஆகவே வாசல் விஷயம், சத்திரம் விஷயம், மீசை விஷயம் மூன்றையும் மேலே அடித்துவிட்டுப் படிக்கவும். உள்ளேயிருந்து வந்த கிருஷ்ணவேணி எங்கள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, “அப்பா, கொழந்தைங்க எதுர்ல கையால பேசக்கூடாதுன்னு எத்தினி வாட்டி சொல்றது?” என்றாள்.