ராஜபார்ட்டுக்குப் பதினேழு கேள்விகள்

நான் முட்டாள் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இல்லாவிட்டால் பாதியில் நீங்களே கண்டுபிடித்துக்கொண்டு, இதைச் சொல்ல இத்தனை நேரமா என்று கோபிப்பீர்கள். அதிலும் சாதாரண முட்டாள் இல்லை. இருக்கிற வேலையை விடுவதாகச் சொல்லிவிட்டு, அப்புறம் அடுத்த வேலை கிடைக்குமா என்று பார்க்கப் புறப்பட்ட முட்டாள்.

பேசும் படம் வந்த புதிது. ஆம்பூர் தோல் ஷாப் ஒன்றில் எனக்குத் தரம் பிரிக்கிற உத்தியோகம். (உத்தியோகம் என்று சொன்னது நான் மட்டும்தான்.) ஆவாரம் பட்டைச் சாற்றில் ஊறிப் பதமாகி வருகிற ஆட்டுத் தோலை மடக்கி, மடிப்பின் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்த வேண்டும். வெடிக்காவிட்டால் ஒன்று. லேசாகக் கீறல் விட்டால் இரண்டு. பிளந்துகொண்டால் "மூணு" என்று உரக்கச் சொல்லி மூலையில் வீச வேண்டும். ஐந்து வருஷம் இதையே செய்ததில் கை என் பேச்சைக் கேட்பதை நிறுத்திவிட்டது. கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் இடுப்பில் தோல் பெல்ட் போட்டிருந்தால், நான் சாம்பார் கேட்டுக்கொண்டிருக்கும்போதே என் கட்டைவிரல் அங்கே போயிருக்கும்.

எனக்கோ எழுத்தாளனாகும் ஆசை. வேலூரில் மாதப் பத்திரிகை நடத்திய ஒருவரைத் துரத்தித் துரத்திப் பிடித்தேன். தொல்லை தாங்காமல் அவர், "நாடகமோ சித்திரமோ புஸ்தகமோ, ஏதாவது ஒன்றில் பேர் எடுத்தவரைக் கண்டு பேசி எழுதி வா. நன்றாயிருந்தால் உதவி ஆசிரியராக வைத்துக்கொள்கிறேன்" என்றார். நன்றாக இல்லாமலும் போகலாம் என்பது எனக்குத் தோன்றவேயில்லை. மறுநாளே மேஸ்திரியிடம் போய், மாதக் கடைசியோடு நின்றுகொள்கிறேன் என்றேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "சரி. உன் எடத்துக்கு வேற ஆள் போடல" என்றார். என் மேல் உள்ள பிரியம் என்று நினைத்துக்கொண்டேன்.

வேலூரில் அப்போது ஒரு நாடகக் கம்பெனி கொட்டகை போட்டிருந்தது. ராஜபார்ட் தணிகாசலம், திருப்பத்தூர்க்காரர், மூன்று ஜில்லாவில் கொடிகட்டிப் பறந்தார். குடும்பஸ்தர்களுக்காக ஞாயிற்றுக்கிழமைகளில் மாலை ஐந்து மணிக்கே ஆட்டம். நான் பகல் பன்னிரண்டுக்கே போய் நின்றேன். கையில் பதினேழு கேள்விகள் எழுதிய நோட்டு. அதற்கு ஒன்றாம் நம்பர் ஆட்டுத் தோலில் நானே அட்டை போட்டிருந்தேன். சட்டையில் அத்தர்.

ராஜபார்ட் பனியனோடு, மீசை இல்லாமல், கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தார். மீசையும் அதை ஒட்டுகிற பசைக் குப்பியும் பக்கத்து முக்காலியில் இருந்தன. நான் தொண்டையைச் சரிசெய்துகொண்டு முதல் கேள்வியைப் படித்தேன். "கலை என்பது யாது?"

அவர் மூக்கை உறிஞ்சினார். "நீ இன்னா, ஆம்பூரா?"

"ஆமாங்க."

"தோல் ஷாப்பு?"

எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். "அத்தர் ஜாஸ்தி" என்றார்.

அத்தோடு என் பேட்டி முடிந்து, அவர் பேட்டி ஆரம்பமாயிற்று. வெள்ளாட்டுத் தோலா செம்மறியா, எது உழைக்கும்? செருப்பு மழையில் நனைந்தால் எதைத் தடவலாம்? ஷாப்பில் கழிவுத் தோல் கம்மி விலைக்குக் கிடைக்குமா? இடையில் நான் நடிப்பில் முகபாவத்தின் பங்கு பற்றிக் கேட்டேன். "எனக்கு எட்டாம் சைஸு, எழுதிக்கோ" என்றார். எழுதிக்கொண்டேன். பிறகு, ஒரு ரசிகர் பரிசளித்த புதுச் செருப்பு ஜோடியைக் கட்டிலுக்கடியிலிருந்து எடுத்துக் காட்டி, எப்படியிருக்கிறது என்று கேட்டார். நல்லா இருக்குங்க என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் கட்டைவிரல் வேலையை முடித்துவிட்டது. "மூணு" என்றேன்.

அவர் முகம் சுருங்கியது. அப்போதாவது எழுந்து வந்திருக்கலாம். என் பதினேழு கேள்விகளில் பதினைந்து பாக்கி இருந்தனவே.

அவரை ஆறவிடுவதற்காக இந்தப் பக்கம் வந்தேன். ஆர்மோனியம் தாவூத் சாயபு, தூசி தட்ட ஆர்மோனியப் பெட்டியின் பின்பலகையைக் கழற்றி வைத்துவிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். மரியாதையாகத்தான் ஆரம்பித்தேன். சங்கீதம் தங்களுக்கு யார் தந்த வரம் என்று கேட்டேன். வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டு வந்து பதில் சொல்ல அவர் எழுந்து வெளியே போனார். உள்ளே துருத்தி மடிப்பு மடிப்பாகத் தெரிந்தது. மூலைகளில் மெல்லிசான ஆட்டுத் தோல். பழையது. என்ன பதம், யார் போட்டது என்று பார்க்கலாமே என்று... நான் நினைக்கவேயில்லை, சத்தியமாக. கைதான் நினைத்தது.

பட்டென்று ஒரு சத்தம். பழக்கதோஷத்தில் என் வாய் கொட்டகை அதிர, "மூணு" என்று அறிவித்தது. (மூலையில் வீசவில்லை. அந்த மட்டில் என் முன்னோர் செய்த புண்ணியம்.)

சாயபு திரும்பி வந்தார். துருத்தியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "கிழிச்சிட்டு நம்பர் வேற போடறியா நீ?" என்றார். கோபம்கூட இல்லை, சலிப்பு.

ஆட்டத்துக்கு மூன்று மணி நேரம் இருந்தது. வேலூரில் இன்னொரு ஆர்மோனியம் இருந்த வீட்டில் அன்றைக்குச் சீமந்தம். நானே சரிசெய்கிறேன் என்று என் முழு முட்டாள்தனத்தோடும் முன்வந்தேன். தோலுக்கு, என் நோட்டு அட்டையைக் கிழித்தேன். பசைக்கு, முக்காலியில் இருந்த குப்பியைக் கேட்காமல் எடுத்துக் கடைசிச் சொட்டு வரை ஊற்றினேன். ஒட்டு அருமையாகப் பிடித்தது. துருத்தி ஊதினால் காற்று இம்மியும் வெளியேறவில்லை. சாயபுவே தலையை ஆட்டினார்.

மீசை ஒட்டும் நேரம் வந்தபோதுதான் குப்பி காலியென்று உள்ளே தெரிந்தது. சோற்றுப் பருக்கையை மசித்து ஒட்டினார்களாம். ராஜபார்ட் சிங்காதனத்தில் அமர்ந்து முதல் பாட்டின் அனுபல்லவிக்கு வாயைத் திறந்தபோது இடது பாதி இறங்கியது. ஒரு கையால் பிடித்துக்கொண்டு பாடினார். போர்க் காட்சியில் இரண்டு கையும் வேண்டியிருந்தது. எதிரி ராஜா குனிந்து மீசையை எடுத்துக் கொடுத்த பிறகு சண்டை தொடர்ந்தது. ஜனங்கள் அந்த இடத்துக்கு 'ஒன்ஸ்மோர்' கேட்டார்கள்.

படுதாவுக்குப் பின்னால் நான் அட்டையில்லாத நோட்டோடு, மூன்றாம் கேள்வி கேட்க நின்றுகொண்டிருந்தேன். என்னைக் கொட்டகைக்கு வெளியே கொண்டுபோய் விட்டது இரண்டு சேனாதிபதிகள்.

பத்திரிகை ஆசிரியர் நோட்டை மெதுவாகப் புரட்டினார். "பதினேழு கேள்விக்கு ஒரே பதில். அதுவும் செருப்பு சைஸ்" என்று மூடித் திருப்பிக் கொடுத்தார். மறுநாள் தோல் ஷாப்புக்குப் போனேன். மேஸ்திரி என் இடத்தில் ஒரு கட்டுத் தோலைக் காலால் தள்ளிவிட்டார். இன்றும் எங்கள் வீட்டுக்கு யாராவது புதுப் பையோ பர்சோ கொண்டுவந்தால் என் மனைவி, "அவர் வர்றாரு, உள்ள வைங்க" என்கிறாள்.

எட்டு வருஷம் கழித்துக் காட்பாடி ஸ்டேஷனில் தணிகாசலத்தைப் பார்த்தேன். பேசும் படத்தில் நடித்துத் தொப்பை போட்டிருந்தார். சொந்த மீசை. பெஞ்சில் பக்கத்தில் ஒரு அருமையான தோல் பெட்டி. கிட்டே போய்க் கும்பிட்டு, ஆம்பூர் என்றேன். ஒரே ஒரு கேள்வி, கலை என்பது யாது, அதற்கு மட்டும் பதில் சொன்னால் போதும் என்றேன்.

அவர் பெட்டியை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"மொதல்ல கைய பின்னால கட்டு."