இடுப்பில் செருகிய போல்ட்

சனிக்கிழமை விடிய, காவல் வேலை முடிந்து வீட்டுக்கு வரும் வழியிலேயே மார்க்கண்டர் தீர்மானித்துவிட்டார்: உயிர் போனாலும் மனைவி மீனலோசனியின் கையில் காரைக் கொடுப்பதில்லை.

மனுசி லைசென்ஸ் எடுத்து ஒரு கிழமைதான். நாளைக்குச் சரவணையில் அவளுடைய தங்கச்சி றஞ்சனியின் புதுவீட்டுக் குடிபூரல். தான்தான் கார் ஓடிக்கொண்டு வருவதாகக் கரம்பொன் ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். இருபது வருசமாக அவர் ஓட, அவள் பக்கத்தில் இருந்த கார். இப்போது அவர் பக்கத்துச் சீற்றில், மடியில் பலகாரச் சட்டியோடு போய் இறங்கினால் சகலனின் முகத்தில் எப்படி முழிப்பது?

இதை அவளிடம் நேரே சொல்ல அவருக்குத் துணிவில்லை. காரைக் கழற்றத் துணிவிருந்தது. இறங்குதுறைக் காவலில் விடிய விடியக் கண்முழித்து, போனில் கார் திருத்தும் வீடியோக்களைப் பார்த்தே அரை மெக்கானிக் ஆகியிருந்தார்.

"பிறேக் கீச்சிடுது. கழட்டிப் பாக்காமல் உம்மை ஓட விடேலாது," என்றார்.

"ஓம், அதுவும் சரிதான்," என்றாள் மீனலோசனி. ஒரு சுளகைக் கொண்டுவந்து பக்கத்தில் குந்தினாள்.

இவ்வளவு லேசாக அவள் இணங்கியபோதே அவர் யோசித்திருக்க வேண்டும். கேட்க ஆள் கிடைத்த சந்தோசப் புளுகத்தில் யோசிக்கவில்லை. சில்லு நிலத்தில் நிற்கும்போதே நட்டுகளை இளக்க வேண்டும் என்று பாடம் தொடங்கினார். பின்சில்லுகளுக்குக் கல் வைத்தார். ஜக்கால் தூக்கி, ஜக்கை நம்பாமல் ஒரு பனங்குற்றியையும் அடியில் கொடுத்தார். சில்லைக் கழற்ற, பிறேக் தட்டைக் கவ்விப் பிடித்தபடி கலிப்பர் தெரிந்தது. அதன் இரண்டு போல்ட்டையும் கழற்றினார். எண்ணெய்க் குழாயில் பாரம் தொங்காதபடி, கலிப்பரைக் கம்பியால் ஸ்பிறிங்கோடு கட்டினார்.

"இப்ப ஆரும் பிறேக்கை மிதிச்சால்?"

"உள்ளுக்குள்ள இருக்கிற பிஸ்டன் வெளியில தள்ளுப்பட்டு வந்திடும். பிறகு கார் ஒரு மாசத்துக்கு எழும்பாது."

சொல்லும்போதே அவருக்கு மிதித்துவிட ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் சொந்தக் கார்.

மீனலோசனி கழன்றதையெல்லாம் கழன்ற ஒழுங்கிலேயே சுளகில் அடுக்கினாள். அவள் பிளேன்ரீ ஊற்றக் குசினிக்குள் போன நேரம் பார்த்து, ஒரு போல்ட்டை எடுத்து இடுப்பில் சாரத்துக்குள் செருகிக்கொண்டார்.

"ஒரு போல்ட்டைக் காணேல்லை. ரவுணில ஓடர் குடுத்தாலும் திங்கட்கிழமைதான் வரும்," என்றார், அவள் நீட்டிய தேத்தண்ணியை முகத்தைத் தொங்கப்போட்டபடி வாங்கி. "நாளைக்கு பஸ்தான்."

மீனலோசனி மரியாதைக்கு ஒருமுறை மண்ணைக் கிளறிப் பார்த்தாள். பிறகு உள்ளே போய் ஒரு மட்டைப்பெட்டியோடு வந்தாள். அதற்குள் புது பிறேக் பாட்கள். கூடவே, பளபளவென்று புது போல்ட்டுகள்.

"தேனுஜன் போன மாசமே வாங்கித் தந்தவன்."

தேனுஜன் அவளுடைய தம்பி. மார்க்கண்டரின் கையிலிருந்த தேத்தண்ணி ஆறியது.

"மாத்தித் தாங்கோ எண்டு மூண்டு மாசமாக் கேட்டனான். நித்திரை நித்திரை எண்டியள். நான் ஓடப்போறன் எண்டு ஒருக்காச் சொன்னன், விடியவே ஜக்கோட நிக்கிறியள்."

அவர் மறுபடி சில்லடியில் குந்தினார். பிஸ்டனை மெல்ல மெல்ல உள்ளே தள்ளினார். புதுப் பாட்களை வைத்துப் பூட்டினார். கடைசி நட்டையும் இறுக்கி நிமிர, ஸ்பனரை வாங்கி மறுபடி அவரிடமே நீட்டினாள்.

"மற்றப் பக்கச் சில்லுக்கும் மாத்திவிடுங்கோ. இடுப்பில செருகின போல்ட்டையும் எடுத்து வையுங்கோ. நாளைக்குப் பலகாரச் சட்டியை மடியில வைக்கேக்க குத்தும்."